முந்தானை வரும்போது சுத்தியலைக் கீழே வைத்தவர்

ஸ்டெல்லா மேடம் போய்விட்ட செய்தி எனக்கு ஸ்ரீவைஷ்ணவ பாஷையில் வந்தது.

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். போனில் ரங்கராஜன் சார். ஸ்ரீரங்கத்தில் மேடம் குடியிருந்த அடுக்குமாடி வீட்டுச் சங்கத்தின் செயலாளர் அவர். பாங்க்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் எனக்குப் போன் செய்தால் அது மேடத்தைப் பற்றிய புகாராகத்தான் இருக்கும். அதனால் வாயில் நுரையோடு, "சொல்லுங்க சார், மறுபடியும் தட்டறாங்களா?" என்றேன்.

"இல்லை சார்" என்றார் அவர். பிறகு, "மேடம் திருநாட்டுக்கு எழுந்தருளிட்டா" என்றார்.

எனக்கு உடனே புரிந்தது. புரிந்த பிறகும், ஒரு கத்தோலிக்கப் பெண்மணியைப் பற்றி இப்படிச் சொல்லலாமா என்று மூளை சம்பந்தமில்லாத இடத்தில் போய் நின்றது. அவருக்கும் அது தோன்றியிருக்க வேண்டும். "அவா பாஷையிலே எப்படிச் சொல்றதுன்னு தெரியலை சார். எங்காத்துலே பெரியவா போனா சொல்றதை அப்படியே சொல்லிட்டேன். தூக்கத்துலேயே போயிருக்கா. பால்காரன் மணி அடிச்சுண்டே இருந்தான்" என்றார். நான் நுரையைத் துப்பிவிட்டுக் குளியலறை வாசற்படியில் உட்கார்ந்தேன்.

நமது ஓய்வூதியர் இதழைப் படிக்கும் உங்களில் பாதிப் பேர் மேடத்தோடு ஒரே கூரையின் கீழ் வேலை பார்த்தவர்கள். மீதிப் பேர் அவரிடம் கோப்பு கேட்டுத் திட்டு வாங்கியவர்கள். நினைவஞ்சலி எழுதித் தரும்படி ஆசிரியர் கேட்டபோது, "நான் சிரிப்புக் கட்டுரை எழுதறவன், என்கிட்டப் போய்..." என்று இழுத்தேன். "உங்க கட்டுரையைப் படிச்சு யாருங்க சிரிச்சாங்க? தைரியமா எழுதுங்க" என்றார். எழுதுகிறேன்.

மேடம் ஓய்வு பெற்ற நாளில் நாம் எல்லோரும் சேர்ந்து ஒரு செப்புக் கூஜா வாங்கிக் கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதில் நம் பெயர்களையெல்லாம் பொறித்துக் கொடுத்தோம். பெயர் வரிசையில் யார் முதலில் என்பதற்கு நடந்த சண்டையும் நினைவிருக்கும். அந்தக் கூஜாவுக்கு என்ன ஆனது என்ற வதந்தி பிறகு அலுவலகத்தில் மூன்று விதமாக உலாவியது. உண்மையை நான் சொல்கிறேன், நேரில் பார்த்தவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குக் காப்பி குடிக்கப் போனேன். கூஜா கழுத்தறுபட்டு, வயிறு கிழிந்து, தகடாக விரிந்து மேசைமேல் கிடந்தது. மேடம் கையில் தகடு வெட்டும் கத்தரி.

"என்ன மேடம் இது, நாங்க ஆசையா குடுத்தது!"

"ஆசையாத்தான் வெட்டறேன். உக்காருங்க எழுத்தாளரே."

என்னை அவர் எப்போதும் 'எழுத்தாளரே' என்றுதான் கூப்பிடுவார். அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று கடைசிவரை எனக்குப் பிடிபடவில்லை.

அன்றுதான் அந்த வேலையை முதலில் பார்த்தேன். தகட்டை ஒரு துண்டு வெட்டி, இரண்டாக மடித்தார். மடித்ததை ஒரு தண்டவாளத் துண்டின் மேல் வைத்து, ஓரமாகச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். தட்டத் தட்ட அந்த ஓரம் மட்டும் நீண்டது. ஓரம் நீண்டதால் தகடு தானாக வளையத் தொடங்கியது. கொஞ்ச நேரத்தில் செம்பு விறைத்துக்கொண்டது. உடனே அதை இடுக்கியில் பிடித்துச் சமையலறை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டார். 'சுர்' என்று சத்தம் வந்தது. எடுத்தபோது தகடு அட்டை மாதிரி இளகியிருந்தது. மடிப்புக்குள் ஒரு மழுங்கின கத்தியை விட்டு மெதுவாகப் பிரித்தார். உள்ளேயிருந்து ஒரு இலை வந்தது. நடுவில் நரம்பு, இரண்டு பக்கமும் நெளிவு, நுனியில் ஒரு சின்னச் சுழிப்பு. கணக்குப் பிரிவில் யாருடைய பெயரோ அந்த இலையில் பாதி இருந்தது. என் பெயர் இன்னொரு இலையில் நசுங்கி, யாரும் படிக்க முடியாதபடி ஆகியிருந்தது. எழுத்துலகத்தில் என் நிலைமையை அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

யூட்யூபில் பார்த்துக் கற்றுக்கொண்டாராம். "இதனால என்ன மேடம் உபயோகம்?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"உங்க சிரிப்புக் கட்டுரையால என்ன உபயோகமோ, அதே உபயோகம்தான்."

நானும் ஒன்று செய்து பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். தட்டினேன். ஆர்வக் கோளாறில் காய்ச்சாமலே பிரித்தேன். மடிப்பு நெடுக 'பட்' என்று விரிந்து, இலை இரண்டு பாதியாகக் கையில் வந்தது. மேடம் கோபப்படவில்லை. "தகடு விறைச்சுக்கிட்டா அதுகிட்ட மல்லுக்கட்டக் கூடாது. அடுப்புல காட்டணும். நம்ம ஆபீஸ்ல பெரிய ஐயாவுக்கு டீ வாங்கிக் குடுத்துட்டு அப்புறம் கையெழுத்துக் கேப்போமே, அது மாதிரி" என்றார்.

இப்படியே இலையும் பூவும் செய்துகொண்டு அவர் நிம்மதியாக இருந்திருப்பார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. அவருடைய மாதா கோயில் பங்கில் தேர்த் திருவிழாவுக்குச் சப்பரத்தை எப்படி ஜோடிப்பது என்று பேச்சு வந்திருக்கிறது. மேடம் எழுந்து, "மாதா காலடியில வைக்கிறதுக்கு லீலிப் பூ எல்லாம் நான் செம்புல செஞ்சு தர்றேன்" என்று பங்குப் பேரவை முழுவதும் கேட்கச் சொல்லிவிட்டார். பேரவையில் ஒருவர் பிளாஸ்டிக் பூ வாங்கலாம் என்று முன்பே சொல்லி வைத்திருந்தவர். அவர், "செஞ்சு முடிச்சுருவீங்களா மேடம்? இல்லன்னா இப்பவே சொல்லிருங்க, நான் ஆர்டர் குடுத்துர்றேன்" என்றாராம். அந்த 'இல்லன்னா' மேடத்தை ரொம்பவும் சீண்டிவிட்டது. இதழ் இதழாக மடித்துத் தட்டிக் காய்ச்சிப் பிரித்து, கம்பியில் கோத்து ஒரு கூடை பூ. நாள் இருந்தது, செம்பும் இருந்தது. பெரிய கடை வீதியில் போய்த் தகடு வாங்கி வந்தாயிற்று. தட்டுவதற்கு இடம்தான் இல்லாமல் போயிற்று.

அவர் வீட்டுக்கு நேர் கீழே ரங்கராஜன் சார் வீடு. ஒரு நாள் நான் அங்கே இருந்தபோதே படியேறி வந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்கப்படாது. கார்த்தாலே நான் பாசுரம் சேவிக்க உட்காரறேன். தலைக்கு மேலே டொக்கு டொக்குன்னு கேட்டா, எங்கே விட்டேன்னே தெரியமாட்டேங்கறது. மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கறேன்."

"சார், உங்க கோயில் மேளம், வெடி, மைக்கு எல்லாம் என் காதுல விழுது. நான் என்னிக்காவது படியிறங்கி வந்தேனா?"

"அது பெருமாள் கைங்கர்யம் மேடம்."

"இது மாதா கைங்கர்யம் சார்."

ரங்கராஜன் சார் படியிறங்கிப் போய்விட்டார். மேடம் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். வெற்றி கொஞ்ச நேரம்தான் நீடித்தது. அவர் திரும்பி வந்தார், இந்த முறை பக்கத்து வீட்டுப் பெண்ணோடு. அந்தப் பெண் கையில் கைக்குழந்தை.

"ஆன்ட்டி, பாப்பா பகல்ல தூங்கவே மாட்டேங்குது. நீங்க ஒரு தடவை தட்டினா ஒரு தடவை தூக்கிப் போடுது. எனக்கும் தூக்கம் இல்ல ஆன்ட்டி."

மேடம் குழந்தையைப் பார்த்தார். சுத்தியலை எடுத்துப் பீரோவுக்குள் வைத்தார். பிறகு ரங்கராஜன் சாரிடம் திரும்பி, "இதுக்காக நிறுத்தறேன். உங்களுக்காக இல்ல. தெரிஞ்சுக்குங்க" என்றார்.

"தெரிஞ்சுண்டேன் மேடம்" என்றார் அவர், மிகவும் பணிவாக.

அதன் பிறகு நானும் மேடமும் திருச்சியில் தட்டுவதற்கு இடம் தேடி அலைந்ததைத் தனியாக ஒரு புத்தகமாகவே போடலாம். போட்டாலும் யாரும் வாங்கமாட்டார்கள் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலில் மாதா கோயில் மண்டபம். அங்கே திருவிழாவுக்காகப் பாடகர் குழு பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது. பாட்டு மாஸ்டர் அரை மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "சிஸ்டர், நீங்க தாளம் போடறீங்களா, இல்ல எங்களை விரட்டறீங்களா?" என்று கேட்டார். அடுத்து நம் அலுவலகச் சைக்கிள் ஷெட். ஓய்வு பெற்றவர்கள் உள்ளே உட்கார அனுமதி இல்லை என்று காவலாளி சொல்லிவிட்டார். மேடம் சர்வீசில் இருந்தபோது அவருக்கு எத்தனை முறை லீவு சிபாரிசு செய்தார் என்பதை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவருக்கே தெரியும்.

பிறகு எனக்கு ஒரு யோசனை வந்தது. என் யோசனைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். ஜீயபுரத்தில் என் மச்சானுக்கு வாழைக்கொல்லை இருக்கிறது. பக்கத்தில் ஒரு வீடு கிடையாது. அங்கே போகலாம் என்றேன். தண்டவாளத் துண்டை ஒரு சாக்குப் பையில் கட்டி நான் தூக்கிக்கொண்டேன். பார்க்கச் சின்னதாக இருக்கும், தூக்கினால்தான் ரயில்வேயின் அருமை தெரியும். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் காலால் பையை நகர்த்தப் பார்த்தார். அது நகரவில்லை.

"என்ன சார் இது?"

"தண்டவாளம்."

"தண்டவாளமா? எதுக்கு சார்?"

"பூ செய்யறதுக்கு" என்றார் மேடம், பக்கத்து சீட்டிலிருந்து.

கண்டக்டர் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரெண்டு ஜீயபுரம்" என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போனவர், இறங்கும்வரை எங்கள் பக்கம் வரவில்லை.

வாழைக்கொல்லையில் வேலை நன்றாகத்தான் நடந்தது. மாலையில் மச்சான் ஓடி வந்தான். "மேடம், நாளைக்குக் காலைல வெள்ளனவே வந்துருங்க. பக்கத்து வயல்ல நெல்லு பால் பிடிக்கிற நேரம். நீங்க தட்டுன நேரத்துல ஒரு குருவி எட்டிப் பாக்கல. அறுப்பு வரைக்கும் இருங்க மேடம், காப்பி, சாப்பாடு எல்லாம் நம்ம பொறுப்பு."

"எழுத்தாளரே, உங்க மச்சான் எனக்கு வேலை போட்டுக் குடுக்கறாரு. பென்ஷன் நின்னுடுமா?" என்றார் மேடம். சிரித்தாரே ஒழிய, வரப்பில் நடந்து அவருக்கு முழங்கால் வீங்கிவிட்டது. தினமும் அவ்வளவு தூரம் வர முடியாது என்பது திரும்பி வரும்போதே இருவருக்கும் தெரிந்துவிட்டது. மடியில் நாலே இதழ். கூடைக்கு இன்னும் எவ்வளவோ வேண்டும்.

உறையூர் என்று சொன்னவனும் நான்தான். இந்த ஒன்றுக்காவது என்னைப் பாராட்டுங்கள். மேடம் வழக்கமாக நூல் புடவை எடுக்கும் நெசவாளர் வீடு அங்கே இருக்கிறது. செல்வராஜ் தறியில் உட்காருவார், அவர் மனைவி தனம் ராட்டையில் நூல் சுற்றிக் கொடுப்பார். நாள் முழுவதும் தறிச் சத்தம். சத்தத்தைச் சத்தத்துக்குள் ஒளித்து வைத்துவிட்டால் யார் கண்டுபிடிப்பார்கள் என்பது என் தத்துவம். தறிக்கூடத்தின் பின் மூலையில், கொல்லைக் கதவை ஒட்டி ஒரு இடம் இருந்தது.

"தாராளமா தட்டுங்க மேடம். நம்ம தறிச் சத்தத்துல அது என்ன கேக்கவா போவுது" என்றார் செல்வராஜ்.

"தட்டறது சரி, நெருப்பு மட்டும் உள்ள வேணாங்க. நூல் இருக்கற வீடு" என்றார் தனம். அதற்கென்ன, கொல்லையில் ஒரு அடுப்பு வைத்துக்கொண்டார் மேடம்.

நாட்கள் நன்றாகப் போயின. நான் சனிக்கிழமை போய் வடை வாங்கிக் கொடுத்துவிட்டு, எல்லாவற்றையும் நானே ஏற்பாடு செய்ததுபோல் உட்கார்ந்துவிட்டு வருவேன். அப்படி ஒரு சனிக்கிழமை போனபோது தறி நின்றிருந்தது. செல்வராஜ் அறுத்தெடுத்த புடவை ஒன்றை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். அடர் பச்சை உடம்பு. முந்தானையில் கடுகு மஞ்சள் கோடுகள். ஒரு கோடு விரல் அகலம், அடுத்தது உள்ளங்கை அகலம், அதற்கடுத்தது நூல் மாதிரி, மறுபடி ஒரு உள்ளங்கை.

"புதுசா இருக்கே, மாடர்ன் டிசைனா?" என்றேன்.

"மாடர்னாம் மாடர்னு!" தனம் வெடித்தார். "கல்யாணம் ஆனதுலேர்ந்து பாக்கறேன், முந்தானைக் கோட்டுல இந்த மனுசன் ஒரு நூல் தப்பு விட்டதில்ல. கடையில எடுப்பாங்களா இதை?"

செல்வராஜ் தலையைச் சொறிந்தார். "எனக்கே தெரியலங்க. கோடு மாத்தறதுக்கு நான் எண்ணறதெல்லாம் கிடையாது. காதுதான் கணக்கு. மிதி, பலகை, மிதி, பலகைன்னு தறிச் சத்தம் ஓடிக்கிட்டே இருக்கும், இடம் வந்தா கால் தானா நிக்கும். மேடம் தட்டிக்கிட்டே வந்து, இதழைத் திருப்பறதுக்கு ஒரு நொடி நிறுத்தறாங்க பாருங்க, அங்க என் கால் நின்னுருது. கால் நின்னா கை நூலை மாத்திருது."

மேடம் எழுந்து வந்து முந்தானையைக் கையில் வாங்கினார். கோடு கோடாக விரலை ஓட்டினார். சின்ன இதழுக்குச் சின்னக் கோடு. பெரிய இதழுக்குப் பெரிய கோடு. நூல் மாதிரி இருந்த கோடு, அவர் சுத்தியலைத் தவறவிட்டு விரலில் போட்டுக்கொண்ட நேரம். இரண்டு நாளாக அவர் தட்டியது மொத்தமும் அந்த முந்தானையில் இருந்தது.

"இந்தப் புடவையை நான் எடுத்துக்கறேன்" என்றார்.

"அது தப்புப் புடவை மேடம், வேணாம்."

"தப்புல பாதி என்னோடது. குடுங்க."

புடவைச் சிக்கல் தீர்ந்தது. செல்வராஜ் தறியின் மேல் இல்லாத தூசியைத் தட்டினார். "மேடம், கோச்சுக்காதீங்க. அடுத்ததும் கோட்டு முந்தானைதான். ஆர்டர் புடவை. அதனால..."

திருவிழாவுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. பூ பாதிகூட ஆகவில்லை. பேரவைக்காரர் காலையில்தான் போன் பண்ணி, "என்ன மேடம், ஆர்டர் குடுத்துரவா?" என்று கேட்டிருந்தார். மேடம் இதழ்களைத் துணியில் சுற்றினார். சுத்தியலைக் கைப்பையில் வைத்தார். இருபது வருஷம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கிறேன், அவர் பதில் சொல்லாமல் எழுந்ததை நான் பார்த்ததில்லை. என் மண்டையில் அடுத்த யோசனை எதுவும் இல்லை. இருந்தாலும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

தனம் ராட்டையை விட்டுவிட்டு எழுந்து வந்தார். "அட இருங்க மேடம். என்னங்க நீங்க, புடவை முழுக்கவா முந்தானை? உடம்பு வெறும் பச்சை. அதுல உங்க கால் நின்னா என்ன, ஓடினா என்ன, கெட்டுப் போறதுக்கு என்ன இருக்கு? உடம்பு ஓடறப்ப மேடம் தட்டட்டும். முந்தானை வந்தா நீங்க ஒரு குரல் குடுங்க. மேடம் சுத்தியலை வச்சிட்டுக் கொல்லைக்குப் போயி, தட்டுனதையெல்லாம் காய்ச்சட்டும். காய்ச்சறதுக்கு என்ன சத்தமா கேக்கப் போவுது?"

செல்வராஜ் மேடத்தைப் பார்த்தார். மேடம் என்னைப் பார்த்தார். நான் தனத்தைப் பார்த்தேன். இவரை நம் அலுவலகத்தில் போட்டிருந்தால் எத்தனை கோப்பு நகர்ந்திருக்கும்!

அன்றிலிருந்து அந்த வீட்டில் அப்படித்தான் நடந்தது. பச்சையோ சிவப்போ உடம்பு ஓடும்வரை தறியும் சுத்தியலும் ஒன்றாக ஓடும். "முந்தானைங்க!" என்று உள்ளேயிருந்து குரல் வந்ததும், பாதி இதழில் இருந்தாலும் மேடம் சுத்தியலைக் கீழே வைத்துவிடுவார். "இந்த ஒரு ஓரத்தை முடிச்சிட்டு..." என்று ஒரு நாளும் சொன்னதில்லை. ஆபீசில் ஐந்தரை மணிக்குப் பிறகும் பேனாவை மூடாத மனுஷி! ஆச்சரியத்தை அடக்கமாட்டாமல் கேட்டேன். "அவர் இடத்துல உக்காந்திருக்கேன், எழுத்தாளரே. இடம் குடுத்தவங்களுக்கு நம்மால இடைஞ்சல்னா எழுந்துடணும். எழுந்தாத்தான் திரும்ப வந்து உக்கார முடியும்" என்றார். செம்புக்கும் அது ஒத்துப்போயிற்று. அடிக்கடி காய்ச்சியதால் விரிசல் விட்ட இதழ்கள் குறைந்தன.

கூடை நிறைந்தது. தேர் அன்று மேடம் அந்தத் தப்புப் புடவையைத்தான் கட்டிக்கொண்டு வந்தார். பேரவைக்காரர் பூவைத் தொட்டுப் பார்த்து, "பித்தளையா மேடம்?" என்று ஒரு குத்துக் குத்திப் பார்த்தார். "செம்பு. தொடாதீங்க, விரல் பட்டா கறுக்கும்" என்றார் மேடம். சப்பரத்தில் சீரியல் பல்பு எரிந்ததும், செம்பு இதழ்களின் நெளிவுகளில் வெளிச்சம் ஏறி ஏறி இறங்கியது. தெரு முனையில் தூறல் பிடித்தது. பூக்கடைப் பூவெல்லாம் தலை தொங்கிவிட்டது. லீலிப் பூக்களின் மேல் தூறல் விழுந்து டிங் டிங் என்றது. பாட்டு மாஸ்டர் பாட்டை நிறுத்தாமலே மேடத்தைத் திரும்பிப் பார்த்தார். மேடம் கையை விரித்து வானத்தைக் காட்டினார்.

திருவிழா முடிந்தும் அவர் அந்த மூலையை விடவில்லை. வெற்றிலை, வாழை இலை, காவிரிக் கரையில் பெயர் தெரியாத ஏதோ ஒரு கொடியின் இலை என்று செய்துகொண்டே இருந்தார். நம்மில் பல பேர் வீட்டு வரவேற்பறையில் இன்று ஒரு இலை இருக்கிறது. யார் வீட்டில் அதைச் சாம்பிராணித் தட்டாக வைத்திருக்கிறீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். கண்மூடுவதற்கு முந்தின புதன்கிழமை வரை அங்கே போயிருக்கிறார்.

அடக்கப் பூசைக்கு ரங்கராஜன் சார் வந்தார். வேஷ்டி, நெற்றியில் திருமண் எல்லாம் அப்படியே இருக்க, கடைசி பெஞ்சில் என் பின்னால் உட்கார்ந்தார். "எப்போ எழுந்துக்கணும், எப்போ மண்டியிடணும்னு தெரியாதே" என்றார் என் காதில். "முன்னால இருக்கறவங்களைப் பாத்து செய்யுங்க சார்" என்றேன். அவருக்கு முன்னால் இருந்தது நான். எனக்கும் ஒன்றும் தெரியாது. எல்லோரும் உட்கார்ந்த பிறகு நாங்கள் இரண்டு பேர் மட்டும் நின்றுகொண்டிருந்தோம். அது மேடத்துக்கான தனி மரியாதை என்று பிறகு பலர் என்னிடம் நெகிழ்ந்தார்கள். நான் மறுக்கவில்லை.

வெளியே வந்தபோது செல்வராஜ் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். தனம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

"அண்ணே, இப்பக் கேக்கறது சரியில்லதான். மேடம் சாமானெல்லாம் அங்கயே கிடக்கு. தண்டவாளம், சுத்தியல், தகடு எல்லாம். எப்ப சௌகரியமோ வந்து எடுத்துக்கிட்டீங்கன்னா, அந்த எடத்துல பாவு நூல் சுத்தற உருளையை வச்சுக்குவேன். மழையில நனையுது."

அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. அவருடைய வீடு, அவருடைய மூலை. சரி என்று சொல்லிவிட்டு, சனிக்கிழமை ஆட்டோ பேசிக்கொண்டு போனேன். தறி ஓடிக்கொண்டிருந்தது. சாக்கை விரித்தேன். தண்டவாளத்தைத் தூக்கிப் பார்த்தேன், முடியவில்லை. ஜீயபுரத்துக்கு அதைத் தூக்கிக்கொண்டு போனவன் வேறு யாரோ இளைஞனாக இருக்க வேண்டும். மூச்சு வாங்க அங்கேயே உட்கார்ந்தேன்.

ஊரெல்லாம் அலைந்து, மண்டபத்தில் எழுப்பப்பட்டு, ஷெட்டில் திருப்பி அனுப்பப்பட்டு, அந்த அம்மாள் பிடித்த இடம் அது. நான் இந்தச் சாக்கைக் கட்டி ஆட்டோவில் ஏற்றினால், சாயங்காலத்துக்குள் அது வேறு இடமாகிவிடும். வாசலில் ஆட்டோக்காரர் ஹாரன் அடித்தார். நான் வெளியே போய், "நீங்க போங்க தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

"என்னண்ணே, ஆட்டோ போவுது?" என்றார் தனம்.

"இல்ல, எடுக்க வேணாம்னு பாக்கறேன். நான் சனிக்கிழமை சனிக்கிழமை வந்துடறேன்."

"வந்து?"

"தட்டறேன்."

"உங்களுக்குத் தட்டத் தெரியுமா?"

"தெரியாது."

தனம் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எழுத்தாளர் கையில சுத்தியலைக் குடுத்துடாத தனம்னு மேடம் சொல்லியிருக்காங்க" என்றார். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்பிலேயே அழுகையும் வந்துவிட்டது. ராட்டையின் பக்கம் திரும்பிக்கொண்டார். செல்வராஜ் தறியை நிறுத்தவில்லை. நான் ஒரு துண்டுத் தகட்டை மடித்துத் தண்டவாளத்தில் வைத்துத் தட்டத் தொடங்கினேன். கட்டை விரலில் ஒரு அடி, தகட்டில் ஒரு அடி, தரையில் ஒரு அடி. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

"செல்வராஜ், இப்ப ஓடறது உடம்பா, முந்தானையா? நிறுத்தணுமா?"

"முந்தானைதாண்ணே. நீங்க பாட்டுக்குத் தட்டுங்க" என்றார் அவர், கண்ணைத் துணியிலிருந்து எடுக்காமல். "மேடம் தட்டுனா காலு கேக்கும். நீங்க தட்டறது, எங்கயோ தெருவுல எவனோ ஆணி அடிக்கிற மாதிரி இருக்கு. ஒண்ணும் ஆவாது."

பாவு உருளைக்கு அவர்கள் கொல்லையில் ஒரு தார்ப்பாய் கட்டிக்கொண்டார்கள். நான் இதுவரை ஒரு இலைகூட முழுசாகப் பிரிக்கவில்லை. எல்லாம் மடிப்பிலேயே கிழிகிறது. ஸ்டெல்லா மேடத்திடமிருந்து என்னிடம் இருப்பது உறையூரில் ஒரு மூலை. சனிக்கிழமைகளில் அது காலியாக இருப்பதில்லை.